ஓடையின் மேல் ஒரு தொட்டி

அத்தியாயம் 14

அந்தப் படம் காலை ஒன்பது பத்துக்கு வந்தது.

மேகலா அப்போதுதான் ஆபீசுக்கு வந்து பையை நாற்காலியில் மாட்டியிருந்தாள். பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸ். குடிநீர்த் திட்டங்களுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிற வேலை. வேணுகோபால் சார் நடத்துகிறார். மேகலா அங்கே சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தவர் கணவனின் அண்ணன் ஜெயப்பிரகாஷ். உயரமான இடத்தில் ஏறி நின்று எடுத்திருந்தார். வாழையிலை, தேங்காய், எரிகிற சூடம், அதற்குப் பின்னால் வட்டமாக வெட்டிய பெரிய பள்ளம். 'இன்று மதியம் இரண்டு மணிக்கு நம்ம தொட்டிக்கு அடிக்கான்கிரீட்' என்று கீழே எழுதியிருந்தார்.

நம்ம தொட்டி என்று அவர் எழுதியதில் தப்பில்லை. நெடுவாக்குறிச்சியில் வரப்போகிற தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒரு வகையில் அந்த ஒரே வீட்டு வேலை. நிலத்தை அளந்த சர்வேயர் ஜெயசீலன், மேகலாவின் கணவன். அவன் கொடுத்த அளவை வைத்து, எது எங்கே வரவேண்டும் என்று லேஅவுட் போட்டவள் மேகலா. காண்ட்ராக்ட் கம்பெனியின் சைட் இன்சார்ஜ் ஜெயப்பிரகாஷ். "எங்க வூட்டு ஆளுங்க மூணு பேரும் சேர்ந்துதான் தண்ணி குடுக்கப் போறாங்க" என்று மாமியார் பச்சையம்மாள் ஜெயங்கொண்டம் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஆனால் மேகலா அந்த நிலத்தில் இதுவரை கால் வைத்ததில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில், ஆறரை மாதத்தில், திருச்சி ஆஸ்பத்திரியில் குழந்தை போனது. அதற்கு மறுநாள், அவள் கட்டிலில் கிடந்தபோது, ஜெயசீலன் அளவெடுக்கப் போய்விட்டான். காலையில் போனவன் பொழுது சாய்ந்துதான் வந்தான். இந்த எட்டு மாதமாக அவள் அவனிடம் சோறு வேண்டுமா, சாவி எங்கே என்பதைத் தாண்டிப் பேசவில்லை. அந்த நிலத்தைப் பார்க்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை தொட்டியின் அடித்தளத்துக்கு ஒப்புதல் கேட்டபோதுகூட, ஜெயப்பிரகாஷ் அனுப்பிய நாலு படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

இப்போது வந்த படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

பள்ளத்தின் தரை கறுப்பாக, ஆங்காங்கே மஞ்சள் பாறை தெரிய இருந்தது. அதன் குறுக்கே சிவப்பாக ஒரு பட்டை. பத்தடி அகலம் இருக்கும். பள்ளத்துக்குள் நேராக வரவில்லை. வளைந்து வந்து, வளைந்து போனது. பள்ளத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் அதே சிவப்பு தொடர்ந்தது.

கரிசல் காட்டுக்கு நடுவில் செம்மண் எங்கிருந்து வரும்? லாரியில்தான் வரும். யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். வளைந்து வளைந்து போகிற ஒன்றை மூடுவதற்காகக் கொட்டியிருக்கிறார்கள்.

அது ஓடை.

மேகலா கம்ப்யூட்டரைத் திறந்து லேஅவுட்டை எடுத்தாள். கொள்ளிடத்திலிருந்து வருகிற தண்ணீர் மேற்கே மேட்டில் ஏறி, படிப்படியாக விழுந்து காற்று வாங்கி, கலங்கலைத் தெளிய வைக்கும் வட்டத் தொட்டிக்கு வரும். அங்கிருந்து மணல் வடிகட்டிக்கு, பிறகு கீழே தரைத்தொட்டிக்கு. நடுவில் எங்கேயும் மோட்டார் கிடையாது. நிலத்தின் சரிவே தண்ணீரை இறக்கிக்கொண்டு போகும். அந்தச் சரிவுக்காகத்தான் வட்டத் தொட்டியை வடமேற்கு மூலையில் வைத்தாள். நல்ல லேஅவுட் என்று வேணுகோபால் சார் பாராட்டினார்.

நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மட்டக் கோடுகளைப் பார்த்தாள். மற்ற இடங்களில் கோடுகள் நெளிந்து, நெருங்கி, விலகி ஓடின. வடமேற்கு மூலையில் மட்டும் சீப்பால் வாரியது போல ஒரே சீராக இருந்தன. எந்தப் பூமியும் அப்படி இருக்காது. மார்ச் மாதம் இதே கோடுகளை வைத்துக்கொண்டு வேலை செய்தவள்தான். அப்போது கண்ணில் படவில்லை. அப்போது அவள் கண்ணில் எதுதான் பட்டது?

அளவுக் கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே அளக்கும் கருவி தானாகவே தேதியும் நேரமும் பதிந்து வைக்கும். வடமேற்கு மூலையின் நூற்றி நாற்பது புள்ளிகளுக்கு எதிரே நேரம் இல்லை. யாரோ கையால் அடித்த எண்கள். அறிக்கையில் மட்டும் நாள் போட்டிருந்தது. பிப்ரவரி 11 முதல் 13 வரை.

அந்த மூன்று நாளையும் அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

பதினொன்றும் பன்னிரண்டும் ஜெயசீலன் அவள் கட்டிலை விட்டு நகரவே இல்லை. அது அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் பதிமூன்று?

மணி ஒன்பது நாற்பது. வேணுகோபால் சார் அறைக் கதவு திறந்திருந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேகலா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, குரும்பலூர் பஸ்சைப் பிடிக்க ஓடினாள்.

* * *

ஜெயசீலன் குரும்பலூர் தாண்டி ரோட்டோரத்தில் குழாய் போகிற பாதைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான். மூன்று கால் ஸ்டாண்டில் கருவியை நிறுத்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஆட்டோவிலிருந்து மனைவி இறங்குவதைக் கண்டு நிமிர்ந்தான். அவள் அவனைத் தேடி வந்ததே இல்லை.

"என்ன மேகலா? அம்மாவுக்கு ஏதாவது...?"

"நெடுவாக்குறிச்சியில வடமேற்கு மூலையை அளந்தீங்களா?"

அவன் முகம் மாறியது. மாறிய அந்த நொடியிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அண்ணன் சொன்னாரா?"

"அப்ப அவருக்கும் தெரியுமா?"

ஜெயசீலன் கருவியின் மேல் மூடியைப் போட்டான். திரும்ப எடுத்தான். திரும்பப் போட்டான்.

"முள்ளு மேகலா. ஆள் நுழைய முடியாத அளவுக்குக் கருவேலம். பாதை வெட்டி எடுக்கணும்னா மூணு நாளு ஆவும். அந்த மூணு நாளுதான் உனக்கு அப்படி ஆயிடுச்சு. ஓரத்துல எடுத்த லெவலை வெச்சு உள்ளாறவும் சரிவா போட்டுட்டேன். பிறகு போய் எடுத்துடலாம்னு நெனச்சேன். கம்பெனியில தினம் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"பிறகு போனீங்களா?"

"போகல."

"ஏன் போகல?"

"போக முடியல" என்றான்.

ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தூசி அடங்கும்வரை மேகலா காத்திருந்தாள். அவளுக்குக் கேட்கவேண்டியது இன்னொன்று இருந்தது.

"பதிமூணாந்தேதியும் நீங்க சைட்டுக்குப் போகலை."

"ம்."

"சைட்டுக்குப் போயிருக்கான்னு அத்தை சொன்னாங்க. நானும் அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன். காலையில போயி சாயங்காலம் வந்தீங்க. எங்க போனீங்க?"

அவன் கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த துண்டை எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்துதான் பேசினான்.

"புள்ளைய எடுத்துக்கிட்டுப் போனேன்."

மேகலா அசையாமல் நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்காரங்களே பாத்துப்பாங்கன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னது அம்மாதான். அவங்க குடுத்துட்டாங்க மேகலா. ஒரு பச்சைத் துணியில சுத்தி, கையெழுத்து வாங்கிக்கிட்டு, என் கையில குடுத்துட்டாங்க. அண்ணன் வந்தாரு. ரெண்டு பேருமா ஆத்தங்கரைக்குப் போனோம். அண்ணன்தான் குழி வெட்டுனாரு. பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சிருச்சு. எனக்கு அங்கேருந்து எந்திரிக்க முடியல. உன் மூஞ்சியில வந்து எப்படி முழிக்கறதுன்னு தெரியல. பொழுது சாயுற மட்டும் அங்கேயே உக்காந்திருந்தோம்."

"எனக்குக் காட்டியிருக்கலாம்."

"காட்டியிருக்கலாம்."

"பொண்ணா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

மேகலா ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். பிள்ளை செத்த மறுநாள் வேலைக்குப் போனவன் என்று இத்தனை நாளாக இவனை வெறுத்தாள். அந்த வெறுப்புக்கு இனி இடமில்லை. அழுதிருப்பாள். அழுதுவிட்டு அவன் கையைப் பிடித்திருப்பாள். ஆனால் மணி பதினொன்று ஆகப்போகிறது. இரண்டு மணிக்கு அந்த ஓடையின் மேல் கான்கிரீட் விழப்போகிறது.

"அண்ணனுக்குப் போன் போடுங்க. நிறுத்தச் சொல்லுங்க."

ஜெயசீலன் போட்டான். ஸ்பீக்கரில் ஜெயப்பிரகாஷின் குரல் சைட் இரைச்சலோடு வந்தது.

"எதுக்குடா நிறுத்தணும்? மண்ணு கொட்டி ரோலர் உட்டாச்சு. ஒண்ணும் ஆவாது. நீ பேசாம உன் வேலையைப் பாரு."

"அண்ணே, மேகலாவுக்குத் தெரிஞ்சிருச்சு."



"தெரிஞ்சா என்ன? அவதானே வெள்ளிக்கிழமை ஓகே குடுத்தா. நீயே அவளுக்கு எடுத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"வண்டியை எடுங்க" என்றாள் மேகலா.

* * *

பெரம்பலூரைக் கடந்து அரியலூர் ரோட்டில் வண்டி ஏறியபோது கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி பிறந்து நாலு நாள்தான் ஆகிறது. சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் முந்தும்போது மேகலா கணவனின் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். எட்டு மாதத்தில் இன்றுதான் தொடுகிறாள்.

கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் லேஅவுட்டைக் கலைத்துப் பார்த்தாள். வட்டத் தொட்டியைத் தெற்கே நாற்பது மீட்டர் தள்ளினால் பாறை கிடைக்கும். ஆனால் அங்கே வடிகட்டிக் கட்டடம் இருக்கிறது. அதைக் கிழக்கே நகர்த்தலாம். நகர்த்தினால் குளோரின் சிலிண்டர் லாரி திரும்ப இடமிருக்காது. குளோரின் அறையை வடக்கே கொண்டுபோகலாமா? காற்று அந்தப் பக்கமிருந்து ஊருக்குள் அடிக்கும். ஒரு சிலிண்டர் கசிந்தாலும் தெருவில் ஆள் நிற்க முடியாது. கூடாது. சேறு வெளியேறும் கால்வாய் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கவேண்டும், அதையும் மாற்றவேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாமும் நகர்ந்தது. ஆறு மாதம் ஆகும். அதுவரை நெடுவாக்குறிச்சியும் சுற்றியிருக்கிற முப்பத்திரண்டு ஊரும் உப்புத் தண்ணியைத்தான் குடிக்கவேண்டும்.

இல்லையென்றால் இன்றைக்குப் பேசாமல் இருந்துவிடவேண்டும். அடிக்கான்கிரீட் விழுந்துவிட்டால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜெயசீலனின் வேலை தப்பும். அண்ணனின் வேலை தப்பும். ஜெயங்கொண்டத்தில் மாமியார் தலை நிமிர்ந்து நடப்பாள்.

"நின்னுடாதா? ரெண்டு ஆள் ஆழம்தான் இருக்குமாம். அண்ணன் சொன்னாரு" என்று ஜெயசீலன் காற்றில் திரும்பிக் கேட்டான். அவன் குரல் கெஞ்சியது.

"பதினெட்டு லட்சம் லிட்டருங்க. பாதித் தொட்டி பாறையில உக்காரும், பாதி கொட்டுன மண்ணுல உக்காரும். ஒரு பக்கம் இறங்கும், ஒரு பக்கம் இறங்காது. சுவரு பொளந்துக்கும். கீழ்ப்பக்கம் இருபது வூடு இருக்கு."

அவன் வண்டியை வேகமாக விரட்டினான்.

* * *

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று இருபது. கான்கிரீட் கலவை லாரிகள் மூன்று வரிசையில் நின்றன. மூன்றின் உருளைகளும் சுழன்றுகொண்டிருந்தன. பம்ப் வண்டியின் நீண்ட கை பள்ளத்தின் மேல் தயாராக நின்றது.

மேகலா அந்த நிலத்தை முதன்முதலாகப் பார்த்தாள். தாளில் கோடாகக் கிடந்ததெல்லாம் இப்போது மண்ணாகவும் தூணாகவும் நின்றது. பள்ளத்துக்குள் இறங்கினாள். சிவப்புப் பட்டை அவள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. நேற்றைய மழையில் ஊறி, செருப்பு புதைந்தது.

ஜெயப்பிரகாஷ் ஓடி வந்தார். நாற்பது வயசு. வெயிலில் கறுத்து, பார்க்க ஐம்பது போலிருப்பார்.

"எதுக்கும்மா நீ இங்கெல்லாம் வர்ற? ஆபீஸ்ல இருக்க வேண்டியதுதானே?"

"மாமா, இதுல எத்தனை தடவை ரோலர் உட்டீங்க?"

"உட வேண்டிய மாதிரி உட்டாச்சு."

ஜெயசீலன் ஒரு நீளக் கம்பியையும் சம்மட்டியையும் எடுத்து வந்தான். கறுப்பு மண்ணில் கம்பியை நிறுத்தி அடித்தான். அரையடி இறங்கியதும் டங்கென்று பாறையில் முட்டி நின்றது. பிடுங்கி எடுத்து, சிவப்புப் பட்டையில் நிறுத்தி அடித்தான். முதல் அடியில் ஒரு முழம். நாலாவது அடியில் ஆளுயரக் கம்பி கைப்பிடி அளவு மிச்சம் வைத்து உள்ளே போய்விட்டது. வேலையாட்கள் கூடி நின்று பார்த்தார்கள்.

"ரோலரை மேல மட்டும் உட்டேன்" என்றார் ஜெயப்பிரகாஷ், தாழ்ந்த குரலில். "முள்ளை ஜேசிபி வெச்சுப் பொரட்டுனப்பதான் ஓடை தெரிஞ்சுது. பாத்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு, அந்த மூணு நாளு இவன் எங்க இருந்தான்னு. நானும்தானே கூட இருந்தேன். வெளியில சொன்னா இவன் பொழப்பு என்ன ஆவறது? ஒரே வாரத்துல மண்ணடிச்சு மூடிட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் மாமா."

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?" அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. "யாருக்காக அவன் அளக்காம உட்டான்? உன் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்ததுக்குத்தானே? இன்னைக்கு நீயே அவனைக் காட்டிக் குடுக்கப் போறியா?"

அது அவள் நெஞ்சில் சரியாகப் போய்த் தைத்தது. ஜெயசீலன் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தான். "அவளைச் சொல்லாதீங்கண்ணே."

மேகலா விலகிப் போய் வேணுகோபால் சாருக்குப் போன் போட்டாள். ஓடை, கொட்டிய மண், இறங்கிய கம்பி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஜெயசீலன் பக்கத்தில் வந்து போனை வாங்கினான்.

"சார், ஜெயசீலன் பேசறேன். அந்த மூலையை நான் அளக்கல சார். எல்லாம் என் தப்பு."



"இங்க எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா" என்றார் வேணுகோபால். "சிக்னல் சரியில்ல. நீங்க வந்ததும் நேர்ல பேசிக்கலாம். ரெண்டு மணிக்கு ஊத்தப் போறாங்க இல்ல? அது நடக்கட்டும்."

வைத்துவிட்டார். சிக்னல் நாலு கோடும் முழுசாக இருந்தது.

மணி ஒன்று நாற்பது. முதல் லாரி பின்னால் நகர்ந்து பம்ப் வண்டியோடு சேர்ந்து நின்றது.

மேகலா தகரக் கொட்டகைக்குள் போனாள். மேசையில் கோப்பு இருந்தது. அதில் வெள்ளிக்கிழமை அவள் அனுப்பிய ஒப்புதல் தாள். காண்ட்ராக்டர், டிசைன் ஆபீஸ், குடிநீர்த் துறை என்று மூன்று கையெழுத்து. பேனாவை எடுத்தாள். தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதன் கீழே எழுத ஆரம்பித்தாள்.

'வெள்ளிக்கிழமை நான் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். அடித்தளத்தின் குறுக்கே ஓடை ஒன்று மூடப்பட்டிருக்கிறது. வடமேற்குப் பகுதியில் நில மட்டம் அளக்கப்படவில்லை.'

பின்னால் வந்து நின்ற ஜெயசீலன் படித்தான்.

"அளக்கப்படவில்லைன்னு எழுதாத" என்றான். "ஜெயசீலன் அளக்கவில்லைன்னு எழுது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எழுது மேகலா."

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவன் சொன்னபடியே எழுதினாள். நாளும் நேரமும் போட்டு, படம் பிடித்து, துறையின் பொறியாளர் செல்லதுரைக்கு அனுப்பினாள். அவர் படித்துவிட்டார் என்று நீல நிறத்தில் இரண்டு குறி விழ மூன்று நிமிடம் ஆயிற்று. அந்த மூன்று நிமிடமும் ஜெயசீலன் அவள் தோளைத் தொட்டபடி நின்றான். அவள் விலகவில்லை.

வெளியே ஜெயப்பிரகாஷின் போன் அடித்தது. "சரிங்க சார்... சரிங்க சார்" என்று அவர் சொல்வது மட்டும் கேட்டது. பிறகு அவர் கையை உயர்த்தி லாரிக்காரரிடம் அசைத்தார். "எடுத்துக்கிட்டுப் போங்கப்பா. இன்னைக்கு இல்ல."

"கலவையை என்னங்க பண்றது?" என்று டிரைவர் கத்தினார்.

மழை பிடித்துக்கொண்டது. ஜெயப்பிரகாஷும் கொட்டகைக்குள் வந்துவிட்டார். தம்பியையும் மேகலாவையும் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"நான் சொல்றேண்ணே" என்றான் ஜெயசீலன்.

மேகலாவின் போன் அடித்தது. வேணுகோபால். இப்போது அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"செல்லதுரை எனக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்காரு. என்ன காரியம்மா பண்ணியிருக்க?"

"வேற வழி தெரியல சார்."

"உன் புருஷன் அளக்கலைன்னு எழுதியிருக்க. அவனும் ஒத்துக்கறான், சரி. ஆனா நான் இப்ப ஃபைலை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் பேசறேன். வடமேற்கு மூலை ஷீட்ல அளந்தவர்ங்கற இடம் காலியா இருக்கு. சரிபார்த்தவர்ங்கற இடத்துல மட்டும் ஒரு கையெழுத்து. உன்னுது. மத்த ஷீட்டெல்லாம் ரெண்டு பேர் போட்டிருக்கீங்க. நாளைக்கு விசாரணைன்னு வந்தா யாரைக் கேப்பாங்கன்னு யோசிச்சுக்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மேகலா போனைக் கீழே இறக்கினாள். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அந்தச் சின்னக் கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

"அந்த ஷீட்ல நீங்க கையெழுத்துப் போடலையா?"

ஜெயசீலன் அவள் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"பொய்யில கையெழுத்துப் போட மனசு வரல மேகலா."

"அதான் என்னைப் போட வுட்டீங்க."

ஜெயப்பிரகாஷ் திரும்பித் தம்பியைப் பார்த்தார். இது அவருக்கும் புதுச் செய்தி.

மேகலா கோப்பைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். சேற்றில் ஒரு செருப்பு சிக்கியது. அதை விட்டுவிட்டு நடந்தாள். "மேகலா, இரு, நான் வண்டியில கொண்டாந்து உடறேன்" என்று ஜெயசீலன் பின்னால் ஓடி வந்தான்.

ரோட்டில் பஸ் வந்தது. பெரம்பலூர் வரைக்கும் போகிற பஸ் இல்லை. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"அரியலூர் ஒண்ணு. குடிநீர் ஆபீஸ்கிட்ட இறக்கி வுடுங்க."

செல்லதுரை நாலரை மணி வரைக்கும் ஆபீஸில் இருப்பார். மணி இரண்டு இருபது. அவரிடம் போய் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவளுக்கே இன்னும் தெரியவில்லை.